ஏல மலை அடிவாரத்தில் ஒரு கால்பந்து

போடிநாயக்கனூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, போடிநாயக்கனூர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாயசத்துக்கென்று பத்திரமாக ஒதுக்கி வைத்திருக்கும் நாலைந்து ஏலக்காய் இருக்கிறதல்லவா? அது அநேகமாக இந்த ஊர் வழியாக வந்ததாகத்தான் இருக்கும். நம் வீடு தேடி வந்தவர்களின் ஊருக்கு நாமும் ஒரு முறை போய் வருவதுதானே மரியாதை?

மதுரையிலிருந்து மேற்கே சுமார் 90 கிலோ மீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று வந்து, இதற்கு மேல் போக வழியில்லை என்று மலை மறித்துக்கொள்ளும் இடத்தில் ரயில் நின்றுவிடுகிறது. அதுதான் போடி. இந்த ரயிலைப் போல அல்லல்பட்ட ரயில் வேறு உண்டா என்பது சந்தேகம். 1928-ல் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1950-களில் திரும்பி வந்தது. அகலப் பாதை போடுகிறோம் என்று 2010-ன் கடைசியில் நிறுத்தியவர்கள், 2022-ல்தான் தேனி வரைக்கும் விட்டார்கள். 2023 ஜூன் மாதத்தில் ரயில் மறுபடி போடிக்கு வந்து சேர்ந்தது. நிறுத்தியபோது பிறந்த குழந்தை அதற்குள் ஹைஸ்கூலுக்கே போயிருக்கும்!

ஊருக்குள் நுழைந்ததும் மூக்குத்தான் முதலில் வழி காட்டும். கிடங்குகளில் மூட்டை பிரித்துக் கொட்டியிருக்கும் ஏலக்காயின் வாசனை தெரு வரைக்கும் வரும். இங்கே ஏலக்காய் ஏலம் போகிறது. சிலேடை என்னுடையதல்ல, தமிழே செய்து வைத்தது. முன்னாளில் கூவி விற்றார்கள். இன்றைக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில், வியாபாரிகள் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்து விலை வைக்கிறார்கள். ஆனால் எந்தக் கம்ப்யூட்டர் வந்தும், காயைத் தரம் பிரிப்பது மட்டும் பெண்களின் கையை விட்டுப் போகவில்லை. முதலில் சல்லடையில் சலிப்பார்கள். எட்டு மில்லி மீட்டருக்கு மேற்பட்ட பருமனான காய்க்குத்தான் ராஜ மரியாதை. பிறகு உட்கார்ந்து, வெடித்தது, வெளுத்தது, சூம்பியது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளுவார்கள். பேச்சு ஒரு பக்கம் நடந்துகொண்டே இருக்கும், விரல்கள் தவறுவதில்லை. நம் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குகிற அதே லாகவந்தான். ஆனால் கூலிக்கு, காலையிலிருந்து மாலை வரைக்கும்.

மற்றப் பெண்கள் மலைக்குப் போகிறார்கள். இருட்டுப் பிரியுமுன் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். மேலே போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் இரண்டு ராஜ்யங்களின் எல்லை. அங்கிருந்து கேரளத்தின் ஏலத்தோட்டங்கள் ஆரம்பமாகின்றன. காலையில் எல்லை தாண்டிப் போய், காய் பறித்து, இருட்டுவதற்குள் எல்லை தாண்டி வீடு திரும்பி, உலை வைக்கிற பெண்மணிகள் இந்த அடிவாரத்து ஊர்களில் ஏராளம். நமக்கு ஊருக்குள்ளேயே ஆபீஸ் போய் வருவதற்குள் அலுத்துப் போகிறது!

மலைக்கு மேலே தேயிலை, ஏலம் மட்டுந்தான் என்று நினைத்துவிட வேண்டாம். கால்பந்தும் உண்டு. மூணாறுத் தோட்டங்கள் வெள்ளைக்காரர்களின் ஃபின்லே கம்பெனியிடம் இருந்த நாளிலேயே தொழிலாளர்களுக்குள் கால்பந்துப் போட்டி நடத்தத் தொடங்கிவிட்டார்கள். 1964-ல் டாட்டா ஃபின்லே ஆயிற்று; 1983-ல் டாட்டா டீ ஆயிற்று; 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கும் கண்ணன் தேவன் கம்பெனி ஆயிற்று. போர்டுகள் மாறிக்கொண்டே இருந்தன. ஃபின்லே என்ற பெயரும் பந்தும் மாறவில்லை. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் கோஷ்டி கட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆடுகிறவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர்.

மலைக்கு மேலே உருளும் பந்து அடிவாரத்துக்கு இறங்காமல் இருக்குமா? அந்தப் பந்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். அம்மா ஏலக்காய் பொறுக்குகிறாள். அப்பா மலைக்கு ஜீப் ஓட்டுகிறார். பையன் ஒன்பதாவது படிக்கிறான். கணக்கு வராது, கால் வரும். குறுவட்டப் போட்டியில் ஆடினான். அவன் பள்ளிக்கூடம் ஜெயித்தது. மாவட்டப் போட்டியில் ஆடினான்; பள்ளிக்கூடம் தோற்றது; ஆனால் அவன் ஆட்டத்தை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் ஒருவர் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நிற்கிறார்.

"பையனை எங்க ஸ்கூலுக்கு அனுப்பி வைங்கம்மா. பீஸ் கிடையாது. ஹாஸ்டல், சாப்பாடு, பூட்ஸ் எல்லாம் நாங்க பார்த்துக்கறோம். டி.சி. மட்டும் வாங்கிக் குடுங்க, போதும்."

அப்பா பேசாமல் நிற்கிறார். பையன் கண்ணில் ஏற்கெனவே அந்த ஊர் மைதானம் தெரிகிறது. அம்மாதான் கேட்கிறாள்: "ஏன் சார், இவன் கால்ல அடி பட்டுப்போச்சுன்னா அப்புறமும் சோறு போடுவீங்களா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சிரிக்க மாட்டேன். இந்த விஷயத்தில் கேட்கத் தகுந்த கேள்வி அது ஒன்றுதான்.

வாத்தியார் எதற்காக அத்தனை தூரம் வந்தார் என்று முதலில் பார்ப்போம். நம் ராஜ்யத்தில் குடியரசு தினம், பாரதியார் தினம் ஆகியவற்றின் பெயரால் பள்ளிக்கூடங்களுக்குள் போட்டி நடத்துகிறார்கள். குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டம். மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலம். வயது வாரியாக 14, 17, 19 என்று பிரிவுகள். கால்பந்துக்கு மட்டும் தனியாக இன்னொரு பெரிய போட்டி இருக்கிறது. நம் விமானப் படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் 1960 முதல் விமானப் படையினர் நடத்தி வரும் சுப்ரதோ கோப்பை. இதில் ராஜ்யத்தின் பெயரால் பொறுக்கி எடுத்த கோஷ்டி ஆடுவதில்லை. பள்ளிக்கூடமே கோஷ்டியாக ஆடுகிறது. ஜெயித்தால் இன்ன ஊர், இன்ன பள்ளி என்று தேசம் முழுவதும் பெயர் அடிபடும். பதினோரு நல்ல கால்கள் ஒரே தெருவில் பிறப்பதில்லையே! ஆகவே பள்ளிக்கூடங்கள் வெளியே தேடத் தொடங்குகின்றன. எட்டு மில்லி மீட்டர்க் காயைத் தேடுகிற அதே சல்லடைதான்.

பிள்ளைக்கு இதில் லாபம் இல்லையா என்றால், உண்டு. மாநில அளவில் ஆடிய சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் அதன் மதிப்பே தனி. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் ஒதுக்குகிறார்கள். அரசாங்க உத்தியோகத்தில் நூற்றுக்கு மூன்று இடம். ஜீப் ஓட்டுகிறவர் வீட்டுப் பையன் எஞ்சினீயர் ஆவதற்குக் கணக்குப் புத்தகம் ஒரு வழி என்றால், பந்து இன்னொரு வழி. பின்தங்கிய பள்ளிக்கூடத்தில், நல்ல மைதானமும் பயிற்சியும் இல்லாமல், மாவட்டத்தோடு தோற்றுத் திரும்பிக்கொண்டே இருந்தால் அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? பையன் போகத்தான் ஆசைப்படுவான். அவன் ஆசையில் தப்பு இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று கேட்டால், இப்படிப் போன பிள்ளைகளின் கதைதான் கேரளத்தின் கியாதி என்றே சொல்லிவிடலாம். 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுப் பிரிவு தொடங்கியது. பய்யோலியிலிருந்து ஒரு மெலிந்த சிறுமி வந்து சேர்ந்தாள். ஓ.எம். நம்பியார் என்ற பயிற்சியாளர் அவளைக் கவனித்தார். அவள்தான் பி.டி. உஷா. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தை இழந்தாளே, அந்த உஷா! கோட்டயம் ஜில்லாவில் கோருத்தோடு என்று மலையோரக் கிராமம் ஒன்று உண்டு. அங்கே கே.பி. தாமஸ் என்ற உபாத்தியாயர் சி.கே.எம். பள்ளிக்கூடத்தை மாநிலப் போட்டிகளில் வருஷக் கணக்காக ஜெயிக்க வைத்தார். சங்கனாசேரிப் பக்கத்துப் பெண்ணான அஞ்சு அந்தப் பள்ளியில் படித்தவர்தான். 2003-ல் பாரிஸில் நடந்த உலகப் போட்டியில் நீளம் தாண்டுதலில் அவர் வாங்கிய வெண்கலம், உலகத் தடகளப் போட்டியில் இந்தியா வாங்கிய முதல் பதக்கம்.

கவனியுங்கள். இவர்கள் போனது ஒரு குருவைத் தேடி. கோப்பையை எண்ணி அல்ல. இந்த வித்தியாசத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

ஆனால் கோப்பை என்று ஒன்று இருக்கும்போது சண்டை இல்லாமல் போகுமா? போடிமெட்டிலிருந்து அதே நெடுஞ்சாலையில் பூப்பாறை, மூணாறு, அடிமாலி என்று இறங்கிக்கொண்டே போனால் கோதமங்கலம் வரும். அங்கே செயின்ட் ஜார்ஜ், மார் பேசில் என்ற இரண்டு பள்ளிக்கூடங்களின் ஓட்டப் போட்டி வெகு காலம் கேரளம் முழுவதும் பிரசித்தம். இரண்டு பள்ளிகளிலும் வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் பயின்றார்கள். 2024 நவம்பரில் கொச்சியில் மாநிலப் பள்ளி விளையாட்டு விழா நடந்தது. கடகச்சேரி ஐடியல் பள்ளிக்கு முதலிடம். இரண்டாம் இடம் திருவனந்தபுரத்து ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு என்று அறிவித்தார்கள். உடனே எழுந்தது ஆட்சேபம். அது அரசாங்கம் நடத்தும் விளையாட்டுப் பள்ளி. பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் இடம். அதைச் சாதாரணப் பள்ளிகளோடு எப்படி ஒரே தட்டில் நிறுத்தலாம் என்று திருநாவாயா நாவாமுகுந்தா பள்ளியினரும், மார் பேசில் பள்ளியினரும் நிறைவு விழாவிலேயே ரகளை செய்தார்கள். அந்த இரண்டு பள்ளிகளும் அடுத்த விழாவில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை போட்டு, பிறகு தடையை நீக்கினார்கள்.

யார் பக்கம் நியாயம் என்ற வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தோன்றியது வேறு. தடை வந்தபோது மைதானத்துக்கு வெளியே நிற்க நேர்ந்தவர்கள் யார்? கோஷம் போட்ட பெரியவர்களா? ஒரு வருஷம் முழுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடிய பிள்ளைகள்!

சீமை தாண்டி அமெரிக்காவிலும் இதே தலைவலிதான். அவர்கள் புட்பால் என்று சொல்வது நீள உருண்டையான பந்தைப் பெரும்பாலும் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதற்குப் புட்பால் என்று எதற்காகப் பெயர் வைத்தார்களோ! அந்த ஆட்டத்துக்காக ஹைஸ்கூல் மாறுகிற பிள்ளைகள் அங்கே ஏராளம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் மாறி வருகிற பையன் ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டும். பழைய பள்ளிக்கூடமும் அதில் எழுத வேண்டும். ஆட்டத்துக்காகவேதான் மாறினான் என்று கமிட்டி தீர்மானித்தால், ஒரு வருஷம் அவன் பிரதான கோஷ்டியில் ஆட முடியாது. ஃப்ளோரிடாவில் நேர்மாறு. 2016-ல் சட்டமே செய்து, மாறி வந்தவன் அன்றைக்கே ஆடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு ராஜ்யம் பூட்டுப் போடுகிறது. ஒரு ராஜ்யம் வாசலை அகலத் திறக்கிறது. பூட்டினால் குருவைத் தேடிப் போகிற பிள்ளைக்குக் கஷ்டம். திறந்தால் கோப்பை தேடுகிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாட்டம். எது சரி என்று அவர்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை.

நம் போடிப் பையனுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. எந்தப் பள்ளிக்கூடம் என்பதோடு எந்த ராஜ்யம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. மூணாறுப் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பள்ளிகள் கேரளத்திலேயே இருக்கின்றன. மலை மேல் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சிலர் பிள்ளையை மேலேயே படிக்க வைக்கிறார்கள். சிலர் கீழே பாட்டி வீட்டில் விட்டு வைக்கிறார்கள். பள்ளிக்கூடம் எந்த ராஜ்யத்தில் இருக்கிறதோ அந்த ராஜ்யத்துக்குத்தான் பையன் ஆட முடியும். போடிமெட்டுச் சோதனைச் சாவடி பஸ்ஸுக்கும் லாரிக்கும் மட்டுந்தான் என்று நினைத்தோம். பந்தும் அங்கே நின்றுதான் போக வேண்டியிருக்கிறது.

சரி, அந்த வாசலுக்குத் திரும்புவோம். வாத்தியார் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். அம்மா கேட்ட கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னால் அனுப்பலாம்?

"கால் ஒடிந்தாலும் பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள்வோம்" என்று பள்ளிக்கூடத்தின் கடிதத்தில் எழுதிக் கொடுத்தால் அனுப்பலாம். வாய் வார்த்தையாக வேண்டாம். பயிற்சி தருகிறவர் யார், எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று கேட்க வேண்டும். போன வருஷம் இதே மாதிரி அழைத்துப் போன பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால் இன்னும் நல்லது. அந்தக் கேள்விக்கு வாத்தியார் முகம் மலர்ந்தால் ஒரு அர்த்தம். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வேறு அர்த்தம். பையன் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படிக்கிறானா, அல்லது ஹாஜர் மட்டும் போட்டுவிட்டு மைதானத்திலேயே நிற்கிறானா என்பதையும் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

டி.சி.யைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு பயம் உண்டு. ஹெட்மாஸ்டர் மனசு வைத்தால்தான் கிடைக்கும், கோபித்துக்கொண்டால் பிள்ளை படிப்பே போச்சு என்று. அந்தக் காலம் மலை ஏறிவிட்டது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாவது வரைக்கும் பிள்ளை வேறு பள்ளிக்குப் போக வேண்டியிருந்தால் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் அவர் மேல்தான் நடவடிக்கை. பீஸ் பாக்கியை வசூல் செய்வதற்கு டி.சி. ஒரு கருவி அல்ல என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே புதுப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போனால் பிள்ளை திரும்பி வருவதற்கும் வழி உண்டு. திரும்பி வருவது தோல்வி என்று தெருவில் யாராவது சொன்னால், அவர்கள் வீட்டுப் பிள்ளை எந்த மாநிலத்துக்கு ஆடுகிறது என்று கேளுங்கள்!

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யமே காட்டக் கூடாது. பள்ளிக்கூடம் மாறுகிற சமயத்தில்தான் பிறந்த தேதியும் மாறப் பார்க்கும். "ரெண்டு வயசு குறைச்சுப் போட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஆடலாம்" என்று யாராவது அன்பாக யோசனை சொல்வார்கள். வயது ஏய்ப்பு நம் தேசத்துப் பிள்ளைகள் போட்டிகளைப் பிடித்த பழைய வியாதி. இன்றைக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணித்துவிடுகிறார்கள். அகப்பட்டால் பையனுக்குத் தடை. யோசனை சொன்னவர் வேறு பையனைப் பார்க்கப் போய்விடுவார்.

பையன், பையன் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். பெண்ணாக இருந்தால்? உங்களில் பாதிப் பேர் மனசுக்குள் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பெண்ணாக இருந்தால் செய்தி இன்னும் நன்றாகவே இருக்கிறது. தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் மணிப்பூரை அசைக்க முடியாது என்று இருந்தது. 2018-ல் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரையே தோற்கடித்தார்கள். 2023-ல் மறுபடியும் கோப்பை நமக்கே. மதுரையைச் சேர்ந்த சேது கழகம் 2019-ல் இந்திய மகளிர் லீகையே ஜெயித்தது. போடிக்காரர்களுக்கு அது அசலூர் அல்ல. கடலூரைச் சேர்ந்த இந்துமதி இந்தியாவுக்காக ஆடியவர்; போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருக்கிறார். 2020-ல் ஊரடங்கின்போது பந்தை வீட்டில் வைத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு தெருவில் நின்று காவல் பார்த்தார். பந்தாடுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்கும் அத்தைமார்களுக்கு அந்தக் காக்கிச் சட்டையைக் காட்டுங்கள்.

ஆனால் பெண்ணை அனுப்புகிற தாய் கேட்க வேண்டியவை இன்னும் சில உண்டு. விடுதியில் பெண் வார்டன் இருக்கிறாரா? வெளியூர் ஆட்டத்துக்கு யார் கூடப் போகிறார்கள்? மாதாந்தரச் சங்கடத்தின்போது பயிற்சியிலிருந்து விலக்கு உண்டா, அதைக் கூச்சமில்லாமல் சொல்ல அங்கே ஒரு பெண்மணி இருக்கிறாரா? வாசலில் வந்து நிற்கிற வாத்தியாரிடம் இதையெல்லாம் கேட்கத் தயங்கினால், அரசாங்கத்தின் வழி ஒன்று இருக்கிறது. 1992-ல் ஏற்படுத்திய தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், மாவட்டங்களில் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேருகிற பையன்களையும் பெண்களையும் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். தங்குமிடமும் சாப்பாடும் உடுப்பும் பயிற்சியும் அவர்கள் பொறுப்பு. படிப்பு அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். இங்கே பிள்ளையைத் தேடி யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். நாம்தான் தேடிப் போக வேண்டும். தேர்வு அறிவிப்பு பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே, கோடை விடுமுறையை ஒட்டி வரும். விண்ணப்பம் ஆணையத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. மலைக்குப் போகிற அம்மா ஜீப்பில் உட்கார்ந்தபடியே போனில் பூர்த்தி செய்துவிடலாம். பதினேழு வளைவுகளில் ஏதாவது ஒன்றிலாவது சிக்னல் கிடைத்தால்!